வாயில்லாப் பெட்டி

கூரைமேல் நிற்கிற ஆன்டெனாவுக்கு மாதச் சந்தா கட்ட எந்த வீட்டிலும் மனசு வராது. இந்தச் சின்ன உண்மையைக் கண்டுபிடிக்க பிரிட்டனின் இரண்டு பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மூன்றரை வருஷத்தையும் ஏறக்குறைய 100 கோடி பவுண்டையும் செலவழித்தன. டிவி ரிப்பேர் பார்க்கிற யாரையாவது கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்பார். ஆனால் கார்ல்டனும் கிரனாடாவும் ரிப்பேர்காரரிடம் யோசனை கேட்கிற வம்சம் இல்லை. ஐடிவி என்ற வலையமைப்பின் பெரும்பகுதியைப் பங்கு போட்டு ஆண்டுகொண்டிருந்த தாயாதிகள் அவர்கள். விளம்பரக் காசு கொட்டிய காலத்தில் வளர்ந்தவர்கள்.

அன்றைய நிலவரம் இதுதான். பிபிசி 1, பிபிசி 2, ஐடிவி, சேனல் 4, 1997 மார்ச்சில் வந்து சேர்ந்த சேனல் 5. ஆக மொத்தம் அஞ்சு சேனல், எல்லாம் இலவசம். இலவசம் என்றால், வருஷத்துக்கு ஒருமுறை டிவி லைசென்ஸ் என்ற பெயரில் ஒரு தொகையைக் கட்டிவிட்டு, கட்டியதை மறந்துவிடுகிற இலவசம். 2002இல் அது 112 பவுண்டு. கட்டாமல் பார்த்து மாட்டினால் கோர்ட்டு, அபராதம். இருந்தாலும் பிரிட்டிஷ்காரர் இதை இலவசம் என்றே நம்புகிறார். அவர் நிம்மதியை நாம் ஏன் கெடுக்க வேண்டும்? காசு கொடுத்துப் பார்க்கிற ஆசை உள்ளவர்கள் சுவரில் டிஷ் மாட்டி ரூபர்ட் மர்டாக்கின் ஸ்கைக்குச் சந்தா கட்டினார்கள். 1992 முதல் பிரீமியர் லீக் கால்பந்து அங்கேதான் இருந்தது. டிஷ் மாட்டினால் வீட்டின் லட்சணம் போய்விடும், தெருவில் மரியாதை போய்விடும் என்று நினைக்கிற கூட்டமும் அந்த ஊரில் கணிசம். பின்னால் நடந்த கூத்தெல்லாம் இந்தக் கூட்டத்தைக் குறிவைத்துத்தான்.

1996இல் ஒளிபரப்புச் சட்டம் ஒன்று வந்தது. அனலாகில் ஒரு சேனலுக்கு ஓர் அலைவரிசை முழுசாகத் தேவை. டிஜிட்டலில் அதே அலைவரிசைக்குள் நாலைந்து சேனலை அடைத்துவிடலாம். இந்த மூட்டைக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர். மொத்தம் ஆறு மூட்டை. பிபிசிக்கு ஒன்று, ஐடிவியும் சேனல் 4உம் பாகப்பிரிவினை செய்துகொள்ள ஒன்று, சேனல் 5உம் வேல்ஸ்காரர்களும் ஒட்டிக்கொள்ள ஒன்று. மிச்சம் மூன்றும் போட்டிக்கு விடப்பட்டன. டிஷ் வேண்டாம், கேபிள் தோண்ட வேண்டாம், இருக்கிற ஆன்டெனாவிலேயே கட்டணச் சேனல். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

விண்ணப்பித்தவர்களில் ஒரு கூட்டணி கார்ல்டன், கிரனாடா, ஸ்கை என்று மூன்று பேர் சேர்ந்தது. ஐடிசி என்ற கண்காணிப்பு ஆணையம் அந்தக் கூட்டணிக்கே உரிமத்தைக் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஸ்கை வெளியேற வேண்டும். டிஷ்ஷிலும் அவரே, ஆன்டெனாவிலும் அவரே என்றால் போட்டி எங்கே என்பது ஆணையத்தின் நியாயம். நியாயம்தான். ஆனால் விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் சேனல் சப்ளை செய்ய ஸ்கை தொடரலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அதாவது, 1997இல் ஒரே உத்தரவில் ஸ்கையைப் பங்காளி என்ற இடத்திலிருந்து எடுத்துவிட்டு, எதிராளி என்ற பதவியையும் மளிகைக்கடைக்காரர் என்ற பதவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கார்ல்டனும் கிரனாடாவும் இனி லாபத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டாம், இரண்டாகப் பிரித்தால் போதும் என்று சந்தோஷப்பட்டன. பிரிப்பதற்கு லாபம் வரவே இல்லை என்பது வேறு விஷயம்.

புதுக் கம்பெனிக்கு ஆன்-டிஜிட்டல் என்று பெயர் வைத்தார்கள். தலைமையகத்துக்கு இடம் தேடி, லண்டன் பாட்டர்சீயில் மார்கோ போலோ ஹவுஸ் என்ற கட்டடத்தைப் பிடித்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. பிஎஸ்பி என்ற செயற்கைக்கோள் கம்பெனி அங்கேதான் குடியிருந்தது. சதுர டிஷ் ஒன்றை விளம்பரப்படுத்தி, ஏகப்பட்ட பணத்தைக் கரைத்து, ஒளிபரப்பு தொடங்கிய அதே 1990இல் நவம்பர் மாதமே மர்டாக்கின் ஸ்கையோடு இணைந்து காணாமல் போனது. மர்டாக்கோடு மோதி ஒருவர் காலியான வீட்டுக்கு, மர்டாக்கோடு மோதப்போகிற இன்னொருவர் குடிவருகிறார். நம் ஆட்களாக இருந்தால் வாஸ்து பார்ப்பவரை அழைத்து வாசலையாவது மாற்றியிருப்பார்கள்.

1998 நவம்பர் 15 அன்று ஆன்-டிஜிட்டல் கடை திறந்தது. ஸ்கையின் டிஜிட்டல் ஒளிபரப்பு அக்டோபர் 1 அன்றே, ஒன்றரை மாதம் முன்னதாகவே, தொடங்கிவிட்டிருந்தது. ஸ்கையிடம் நூற்றைத் தாண்டிய சேனல்கள். ஆன்-டிஜிட்டலிடம் முப்பது சொச்சம். அந்த முப்பது சொச்சத்தில் அஞ்சு ஏற்கெனவே ஓசியில் வருகிறவை. மீதிக்கு என்ன செய்வது? வீட்டுச் சரக்கையே பொட்டலம் கட்டினார்கள். கார்ல்டன் சினிமா, கார்ல்டன் செலக்ட், சமையலுக்கு கார்ல்டன் ஃபுட் நெட்வொர்க். கிரனாடா பிளஸ், கிரனாடா பிரீஸ், அப்புறம் கிரனாடா மென் அண்ட் மோட்டார்ஸ். கடைசிச் சேனலில் என்ன வரும் என்று விளக்க வேண்டியதில்லை, மோட்டாரும் வரும். ஏற்கெனவே ஐடிவியில் இலவசமாக ஓடி முடிந்த நாடகங்கள் கார்ல்டன் செலக்டிலும் கிரனாடா பிளஸ்ஸிலும் மாதச் சந்தாவோடு மறுபிறவி எடுத்தன.

‘செருகு, பார்’ என்பதுதான் விளம்பரத்தின் சாரம். ஆன்டெனா வயரைப் பெட்டியில் செருகு, சந்தா அட்டையைப் பெட்டியின் வாயில் செருகு, அவ்வளவுதான். இந்த வாயை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அதைச் சுற்றித்தான். அட்டை உள்ளே போனால் பூட்டிய சேனல் திறக்கும். சந்தா நின்றால் தானாகப் பூட்டிக்கொள்ளும். கட்டணத் தொலைக்காட்சி என்ற சாம்ராஜ்யத்தின் கஜானா வாசல், விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பிளவுதான்.

செருகியவர்கள் எல்லோரும் பார்த்தார்களா என்றால், இல்லை. அனலாக் ஒளிபரப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், அதைத் தொந்தரவு செய்யாமல் டிஜிட்டல் சிக்னலை மிகக் குறைந்த சக்தியில் அனுப்ப வேண்டியிருந்தது. சக்தியோ குறைவு, மூட்டைக்குள் சரக்கோ அதிகம். இப்படி நெருக்கி அடைப்பதைப் பொறியாளர்கள் 64 க்யூஏஎம் என்பார்கள். டவுன் பஸ்ஸில் படிக்கட்டுவரை ஆள் ஏற்றுகிற மாதிரி. நேர்ச்சாலையில் வண்டி ஓடும். ஒரு பள்ளம் வந்தால் நாலு பேர் கீழே. இங்கே பள்ளம் என்பது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. சமையலறையில் அது ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு ஓடத் தொடங்கும். அந்த நொடியில் எழும் சின்ன மின்பொறியின் சலசலப்பை ஆன்டெனா வயர் மோப்பம் பிடிக்கும். கூடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே உறையும். தெருவில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று போனாலும் இதே கதை. கோல் அடிக்கப் போகிறவன் கால் தூக்கியபடி நிற்பான்; படம் திரும்பி வரும்போது எதிரணிக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பார்கள். அனலாகில் புள்ளி புள்ளியாகவாவது ஏதோ தெரிந்துகொண்டிருக்கும். டிஜிட்டலுக்கு அந்த நடுநிலைமை கிடையாது. வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. புது ஆன்டெனா மாட்டுங்கள் என்று கம்பெனி யோசனை சொன்னது. ஏணி வைத்து, ஆள் பிடித்து, கூரையில் ஏறி மாற்றுவதற்கு டிஷ்ஷே மாட்டிவிடலாமே என்று சந்தாதாரருக்குத் தோன்றியதில் தப்பேதும் இல்லை.

1999 மே மாதம் மர்டாக் தரப்பு குண்டைப் போட்டது. செட்டாப் பாக்ஸ் இலவசம். சுமார் 200 பவுண்டுப் பெட்டி, சும்மா. ஸ்கைக்கு இது பெரிய நஷ்டம்தான். ஆனால் அப்பன் வீட்டுக் கஜானா ஆழம். ஆன்-டிஜிட்டலும் வேறு வழியில்லாமல், எங்களிடமும் பெட்டி இலவசம் என்று அறிவித்தது. ஒவ்வொரு புதுச் சந்தாதாரரும் கம்பெனிக்கு ஒரு கையிழப்பு. ஆள் சேரச் சேரக் கடன் ஏறுகிற வியாபாரத்தை ‘வளர்ச்சி’ என்று பத்திரிகையாளர்களுக்கு விளக்க ஆள் வேண்டும். கார்ல்டனில் அப்போது நிறுவனத் தொடர்புப் பிரிவின் தலைவராக இருந்தவர் டேவிட் கேமரன். 2001இல் அவர் நாடாளுமன்றத்துக்குப் போனார், 2010இல் பிரதமரும் ஆனார். பயிற்சிக்குக் குறைவில்லை.

ஆன்-டிஜிட்டல் கையில் ஒரு பிரம்மாஸ்திரம் இருந்தது. ஐடிவி சேனல். நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் பார்க்கிற அந்தச் சேனலை ஸ்கையின் டிஜிட்டல் டிஷ்ஷில் கொடுக்க மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டார்கள். ஐடிவி வேண்டுமா, எங்களிடம் வா என்பது திட்டம். ஸ்கை சந்தாதாரர் என்ன செய்தார்? பழைய ஆன்டெனா வயரை எடுத்து டிவியின் பின்பக்கம் செருகினார். அதில் ஐடிவி எப்போதும்போல ஓசியில் வந்துகொண்டிருந்தது! ஓசியில் வருகிற பொருளைப் பதுக்கி வைத்து விலை ஏற்றப் பார்த்த முதல் வியாபாரிகள் இவர்களாகத்தான் இருப்பார்கள். 2001 இறுதியில் வெட்கத்தோடு ஸ்கையிலும் ஐடிவி ஏறியது.

இதற்கிடையில் அந்த வாய்க்குள் யார் யாரோ கை விட்டார்கள். ஆன்-டிஜிட்டலின் அட்டைகள் பிரான்சின் கனால் பிளஸ் குழுமத்துத் தொழில்நுட்பம். அதன் ரகசியக் குறியீடு உடைபட்டு இணையத்தில் உலவியது. கள்ள அட்டைகள் சல்லிசாகப் புழங்கின. 2002 மார்ச்சில் கனால் பிளஸ் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. மர்டாக் குழுமத்தைச் சேர்ந்த என்டிஎஸ் கம்பெனிதான் எங்கள் அட்டையைப் பிரித்து ரகசியத்தைக் கசியவிட்டது, 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடு என்றது. என்டிஎஸ் அடியோடு மறுத்தது. கனால் பிளஸ்ஸின் தாய் நிறுவனமான விவெண்டியிடமிருந்து இத்தாலியின் டெலிபியு என்ற கட்டணத் தொலைக்காட்சியை மர்டாக் வாங்குகிற பேரம் வந்தபோது வழக்கு வாபஸ் ஆனது. யார் செய்தார் என்று கோர்ட்டில் தீராமலே போயிற்று. ஆன்-டிஜிட்டலுக்கு மட்டும் சந்தேகமில்லாமல் தீர்ந்துவிட்டது: கட்டாமல் பார்ப்பவர்கள் பெருகினார்கள், கட்டிப் பார்ப்பவர்கள் எரிச்சலானார்கள்.

எரிச்சலைத் தணிக்கக் கால்பந்து வாங்கினார்கள். பிரீமியர் லீக் ஸ்கையின் சொத்து. அதற்குக் கீழே 72 கிளப்புகள் அடங்கிய ஃபுட்பால் லீக் இருந்தது. அதன் முதல் டிவிஷன் என்பது நாட்டின் இரண்டாம் தரம். இரண்டாம் டிவிஷன் மூன்றாம் தரம். மூன்றாம் டிவிஷனைப் பற்றிக் கேட்காதீர்கள். 2000 ஜூனில் இந்தக் கால்பந்துக்கு மூன்று வருஷத்துக்கு 31.5 கோடி பவுண்டு கொடுப்பதாக ஒப்பந்தம் ஆனது. உள்ளூர் கிளப்புகளின் ரசிகர்கள் விசுவாசிகள்தான். விசுவாசி என்பவன் மழையில் குடையோடு மைதானத்துக்கே போவான். மைதானத்துக்குப் போகாதவனுக்கு அந்த ஆட்டத்தில் அக்கறை இல்லை. ஆக, வீட்டில் உட்கார்ந்து காசு கொடுத்து ராட்சடேலையோ கிரிம்ஸ்பியையோ பார்க்கப் போகிறவன் யார் என்ற கேள்வியை, கையெழுத்துப் போட்ட அறையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2001 ஆகஸ்டில் ஐடிவி ஸ்போர்ட் சேனல் தொடங்கியது. அதை ஸ்கை டிஷ்ஷில் ஏற்றவும் உடன்பாடு ஆகவில்லை. கிளப்புகளோ வரப்போகிற பணத்தை நம்பி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டன.

கம்பெனி தேறாவிட்டால் பெயரை மாற்று என்பது உலகப் பொதுமுறை. 2001 ஜூலையில் ஆன்-டிஜிட்டல், ஐடிவி டிஜிட்டல் ஆனது. கூடவே ஒரு குரங்கு வந்தது. கம்பளி நூலில் பின்னிய குரங்குப் பொம்மை, பெயரும் மங்கிதான். பொம்மைக்குக் குரல் பென் மில்லர். அதன் கூட்டாளி அல் என்ற தடித்த சோம்பேறி; நடித்தவர் நகைச்சுவைக் கலைஞர் ஜானி வேகஸ். விளம்பரத்தில் அல் சோபாவில் சரிந்து கிடப்பான். குரங்கு பக்கத்தில் உட்கார்ந்து, படித்த பிள்ளை மாதிரி நிதானமாக, ஐடிவி டிஜிட்டலில் என்னென்ன வசதி என்று எடுத்துச் சொல்லும். இருவரில் விவரமானது குரங்குதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். நாடே அதன்மேல் பைத்தியமானது. சந்தா கட்டினால் குரங்கு பொம்மை இலவசம் என்றார்கள். பொம்மை இணைய ஏலத்துக்குப் போய், அங்கே அதற்கு விலை எகிறியது. கம்பெனி விற்றதிலேயே, வாங்கியவனுக்கு லாபம் கொடுத்த ஒரே பொருள் அதுதான். அதையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள்.

சந்தாதாரர்கள் சுமார் 12 லட்சத்தைத் தாண்டி நகரவில்லை. 2002 தொடக்கத்தில் கம்பெனி ஃபுட்பால் லீக்கிடம் போய், பாக்கி 17.85 கோடிக்குப் பதில் 5 கோடி வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. லீக் மாட்டேன் என்றது. மார்ச் 27 அன்று ஐடிவி டிஜிட்டல் திவால் நிர்வாகத்துக்குள் போயிற்று. மே 1 அன்று கட்டணச் சேனல்கள் நின்றன. அதே வருஷம் ஜூன் மாதக் கடைசியில் ஸ்பெயினில் க்விரோ டிவி என்ற இன்னொரு ஆன்டெனா கட்டணக் கம்பெனியும் மூடப்பட்டது. அதன் ஆயுள் இரண்டு வருஷம். மற்றபடி புது விஷயம் ஒன்றுமில்லை.

இனிமேல் கோர்ட்டுக் காட்சி. கம்பெனி திவாலானால் என்ன, அப்பன்மார்கள் கார்ல்டனும் கிரனாடாவும் வசதியாகத்தானே இருக்கிறார்கள், அவர்கள் கொடுக்கட்டும் என்று லீக் வழக்குப் போட்டது. ஆரம்ப ஏலக் கடிதத்தில் பங்குதாரர்கள் உத்தரவாதம் தருவார்கள் என்ற பேச்சு இருந்தது. ஆனால் அந்தக் கடிதம் பிற்பாடு போடப்போகும் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. பிற்பாடு போட்ட ஒப்பந்தத்திலோ உத்தரவாதம் என்று ஒரு வரி இல்லை. 31.5 கோடி பவுண்டு விவகாரத்தில் ஜாமீன் கையெழுத்து வாங்க மறந்துபோனார்கள்! 2002 ஆகஸ்ட் 1 அன்று லீக் தோற்றது. கூட்டுறவுச் சங்கத்தில் ஆட்டுக்குட்டிக் கடனுக்குக்கூட இரண்டு ஜாமீன் கேட்பார்கள். பிறகு லீக், அந்த உத்தரவாதத்தை வாங்கித் தராத தன் சொந்த வக்கீல் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. 2006இல் தீர்ப்பு வந்தது. வக்கீல்கள் கடமையில் தவறியது வாஸ்தவம். ஆனால் கேட்டிருந்தாலும் கார்ல்டனும் கிரனாடாவும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே நஷ்டஈடு 4 பவுண்டு. கோடி இல்லை. லட்சமும் இல்லை. நாலு பவுண்டு. இதற்குள் லீக் தன் ஆட்டங்களை நாலு வருஷத்துக்கு 9.5 கோடிக்கு ஸ்கையிடமே விற்றுவிட்டிருந்தது. பிராட்போர்டு சிட்டி, லெஸ்டர் சிட்டி என்று கிளப்புகள் வரிசையாகத் திவால் நிர்வாகத்துக்குள் போய் வந்தன.

குரங்கு யாருக்குச் சொந்தம் என்றும் தகராறு நடந்தது. விளம்பர ஏஜென்சி எங்களுடையது என்றது. கடன்காரர்கள் சார்பில் சொத்துக் கணக்கெடுத்தவர்கள் எங்களுடையது என்றார்கள். முடிவில் அது காமிக் ரிலீஃப் என்ற தர்ம அமைப்புக்குப் போயிற்று. 2007இல் அதே அல்லோடு ஒரு தேயிலை விளம்பரத்தில் திரும்பி வந்தது. ஐடிவி டிஜிட்டலில் வேலை பார்த்தவர்களில் அடுத்த வேலை இவ்வளவு சௌகரியமாக அமைந்தவர் குரங்கு ஒருவர்தான்.

சொத்துக் கணக்கெடுத்தவர்கள் பார்வை அடுத்து வீடுகளில் கிடந்த பெட்டிகள்மேல் விழுந்தது. இலவசம் என்று கொடுத்ததெல்லாம் வாடகைக்குக் கொடுத்ததுதான், வைத்துக்கொள்ள வேண்டுமானால் 39.99 பவுண்டு அனுப்பு, இல்லாவிட்டால் பெட்டியைத் திருப்பு என்று கடிதம் போனது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பயந்து உறைந்துபோன பெட்டிக்கு நாற்பது பவுண்டா என்று ஜனங்கள் கொதித்தார்கள். கடைசியில் கார்ல்டனும் கிரனாடாவும் சுமார் 28 லட்சம் பவுண்டைக் கொடுத்து, ஐயா, வைத்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடு போட்டன.

மூன்று மல்டிபிளெக்ஸ் அநாதையாகக் கிடந்தது. ஐடிசி மறுபடி விண்ணப்பம் கேட்டது. 2002 ஜூலையில் உரிமம் பிபிசிக்கும், கோபுரங்கள் வைத்திருந்த கிரவுன் காஸில் கம்பெனிக்கும் போனது. கூட்டாளியாக உள்ளே வந்தது யார்? ஸ்கை. அஞ்சு வருஷம் முன்பு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்ட அதே ஸ்கை, இந்த முறை முன்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. 2002 அக்டோபர் 30 அன்று ஃப்ரீவியூ பிறந்தது. முப்பது சேனல் சுமாருக்கு, சந்தா கிடையாது. ஸ்கை தன் பங்குக்கு ஸ்கை நியூஸ், ஸ்கை ஸ்போர்ட்ஸ் நியூஸ், ஸ்கை டிராவல் என்று மூன்றை இலவசமாகப் போட்டது. ஆட்டம் எப்படி முடிந்தது என்று செய்தி சொல்கிற சேனல் இலவசம். ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் டிஷ் மாட்டு. ஆன்டெனாவில் இன்னொரு கட்டணக் கடை திறக்காமல் இருப்பதற்கு ஸ்கை கொடுத்த விலை இந்த மூன்று சேனல். மலிவுதான்.

பிபிசியின் அப்போதைய தலைமை இயக்குநர் கிரெக் டைக்குக்கு வேறு கணக்கு. என்றைக்காவது ஒரு அரசாங்கம் வந்து, லைசென்ஸ் எதற்கு, பிபிசியும் சந்தா வாங்கிப் பிழைத்துக்கொள்ளட்டுமே என்று சொல்லும். அன்றைக்கு நாட்டில் உள்ள பெட்டிகளில் அட்டை செருக இடமே இருக்கக் கூடாது. வாயில்லாத பெட்டி கோடிக்கணக்கில் வீடுகளுக்குள் போய்விட்டால், பிபிசியைப் பூட்டுவது எப்படி? பிற்பாடு தன் புத்தகத்தில் அவரே இந்தக் கணக்கை ஒளிக்காமல் எழுதிவைத்தார். பேஸ் கம்பெனி 100 பவுண்டுக்குள் அப்படி ஒரு பெட்டியை 2002இலேயே சந்தைக்குக் கொண்டுவந்தது. மற்றவர்களும் தொடர்ந்தார்கள். வாய் வைக்கக் கூடுதல் செலவு. வாய் வைத்தால் பயனும் இல்லை. வியாபாரிகளுக்குக் கொள்கை ஒன்றும் இல்லை, செலவு மிச்சம்.

பொறியாளர்கள் இந்த முறை 16 க்யூஏஎம்முக்கு மாறினார்கள். பஸ்ஸில் ஆளைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். சேனல் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிய பயமும் குறைந்தது. அதே கோபுரம், அதே அலைவரிசை, பல வீடுகளில் அதே பழைய ஆன்டெனா. கட்டணம் கேட்டபோது வராத கூட்டம் இப்போது கடைக்கடையாக ஏறி இறங்கியது. 2007இல் ஃப்ரீவியூ வீடுகள் ஸ்கை வீடுகளை முந்திவிட்டன.

இலவசத்தைப் பார்த்ததும் சிலருக்குக் கை அரித்தது. 2004 மார்ச் 31 அன்று டாப் அப் டிவி என்று ஒன்று வந்தது. நடத்தியவர்கள் டேவிட் சான்ஸ், இயன் வெஸ்ட் என்ற முன்னாள் ஸ்கை அதிகாரிகள். மாதம் 7.99 பவுண்டு, பத்து சேனல். இடப் பற்றாக்குறையால் பல சேனல்கள் முறைவைத்து வந்தன. ஒன்று கண்மூடினால்தான் இன்னொன்று கண்திறக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அட்டையை எங்கே செருகுவது? கடையில் விற்ற ஃப்ரீவியூ பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வாய் இல்லை. வாயுள்ள பெட்டி யாரிடம்? 39.99 பவுண்டு தர மாட்டேன் என்று மல்லுக்கட்டி, பரண்மேல் வைத்திருந்த பழைய ஐடிவி டிஜிட்டல் சந்தாதாரரிடம்! செத்த கம்பெனியின் பெட்டியைத் தூசு தட்டச் சொல்லிப் புதுக் கம்பெனி விண்ணப்பம் போட்ட காட்சி வணிக வரலாற்றில் அபூர்வம்.

2007இல் ஸ்கைக்கே ஆசை வந்தது. இலவசமாகக் கொடுத்த மூன்று சேனலையும் எடுத்துவிட்டு, பிக்னிக் என்ற பெயரில் ஆன்டெனாவில் கட்டணக் கடை போடுகிறேன் என்று கிளம்பியது. கண்காணிப்பு அமைப்பு ஆஃப்காம் யோசித்தது, யோசித்துக்கொண்டே இருந்தது. 2008இல் ஸ்கையே சலித்துப்போய்த் திட்டத்தை மடித்து வைத்தது. கால்பந்தை நம்பி டாப் அப் டிவியோடு சேர்ந்துகொண்ட செடான்டா என்ற விளையாட்டுச் சேனல் கம்பெனியின் பிரிட்டன் கடை 2009 ஜூனில் திவால். டாப் அப் டிவி 2013வரை எப்படியோ ஓட்டியது. அப்புறம் அதுவும் இல்லை.

வேடிக்கை எதிர்த்திசையில் நடந்தது. பூட்டி வைத்திருந்த சேனல்கள் தாமாகவே பூட்டைக் கழற்றின. சேனல் 4 குடும்பத்தின் ஈ4, 2005 மே மாதம் இலவசமானது. சினிமாச் சேனல் ஃபிலிம்4, 2006 ஜூலையில். சந்தாவில் சொட்டுகிற காசைவிட, கூட்டம் சேர்ந்த இடத்தில் விளம்பரம் போட்டால் கொட்டுகிற காசு அதிகம் என்று கணக்குப்பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். யுகேடிவி ஜி2 என்று ஒரு சேனல் டிஷ்ஷின் மூலையில் சந்தாவோடு கிடந்தது. அதில் பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகளின் மறுஒளிபரப்புதான். 2007 அக்டோபரில் அதை ஃப்ரீவியூவில் இறக்கி, ‘டேவ்’ என்று பெயர் வைத்தார்கள். எல்லோருக்கும் டேவ் என்று ஒரு சிநேகிதன் இருப்பான் அல்லவா என்பது விளக்கம். நம்மூரில் ஒரு சேனலுக்கு ‘நம்ம குமார்’ என்று பெயர் வைப்பதற்குச் சமம். பார்ப்பவர் கூட்டம் சட்டென்று பெருகியது. நிகழ்ச்சிகள் அதேதான், மாறியது பெயரும் விலையும்.

2007 அக்டோபரில் வடமேற்குக் கடற்கரை ஊரான வைட்ஹேவனில் அனலாகை அணைக்கத் தொடங்கி, 2012 அக்டோபர் 24 அன்று வட அயர்லாந்தில் முடித்தார்கள். டிஜிட்டலுக்கு முழுச் சக்தி அப்போதுதான் கிடைத்தது. ஆன்-டிஜிட்டல் பத்து வருஷம் காத்திருந்தால் சிக்னலாவது நன்றாக வந்திருக்கும். வாடிக்கையாளர் வந்திருப்பாரா என்பது சந்தேகம். மார்கோ போலோ ஹவுஸை 2014இல் இடித்துத் தள்ளினார்கள்.

என்னைக் கேட்டால் ஐடிவி டிஜிட்டலைக் கொன்றது மர்டாக் இல்லை, குரங்கும் இல்லை, கள்ள அட்டையும் இல்லை. அவர்கள் எல்லாம் சாவை விரைவுபடுத்திய உறவினர்கள். ஓசியில் வருகிற கம்பியில் காசு வரும் என்று நம்பியதுதான் வியாதி. ஃப்ரீவியூ ஒளிபரப்புக்கு 2034வரை உரிமத்துக்கு வழி செய்திருக்கிறார்கள். 2024இல் ஃப்ரீலி என்று இணையம் வழியே வருகிற தம்பி ஒன்றும் பிறந்திருக்கிறது. அதற்கும் சந்தா கிடையாது, ஆனால் பிராட்பேண்ட் பில்லை நீங்கள்தான் கட்ட வேண்டும். பிரிட்டனில் சொந்தபந்தம் இருந்தால், கூரையில் உள்ள ஆன்டெனாவை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.